ஒரே தெருவில் மட்டும் குறைந்த எடை

அத்தியாயம் பதினான்கு

குடியிருப்பில் அவளை எல்லோரும் ‘எடையக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். எடை மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு, உயரம் அளக்கும் மடக்குக் கோலைக் கையில் பிடித்துக்கொண்டு, சுகாதார அலுவலகத்துக்காகப் படி ஏறி இறங்கிப் பதினொரு வருஷம் ஆகிறது. அவள் வருவதைப் பார்த்ததுமே ஆட்கள் வயிற்றை எக்கிக்கொண்டு மூச்சைப் பிடிப்பார்கள். மூச்சைப் பிடித்தால் எடை குறையாது என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது.

அவளுடைய நாத்தனார், முப்பத்திரண்டு வயதாகியும் வீட்டில் இன்னும் ‘பாப்பா’வாகவே இருப்பவள், தன் பங்குப் படிவங்களையெல்லாம் முடித்துக் கட்டுப் போட்டு ஒப்படைத்துவிட்டு வந்ததைப் போன வாரம் பார்த்தோம். கல்யாணம் கசந்து, இரண்டு பெட்டிகளோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவளுக்கு அதுதான் முதல் வேலை. அலுவலகத்தில் நாலு முறை நடையாய் நடந்து அதை வாங்கிக் கொடுத்தவள் எடையக்கா. அவளுக்கு நான் பொறுப்பு என்று மேற்பார்வையாளரிடம் வாய்விட்டுச் சொல்லியும் இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மேற்பார்வையாளர் அவளை அறைக்குள் கூப்பிட்டார். ஆள் நல்ல உற்சாகத்தில் இருந்தார். உட்காரச் சொன்னார். பதினொரு வருஷத்தில் அவர் உட்காரச் சொன்னது அதுதான் இரண்டாவது தடவை.

மேசையில் ஒரு தாளைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். இரண்டு வருஷம் முன்பு எடுத்த முதல் கணக்கெடுப்பில், குடியிருப்பின் பெரியவர்களில் நூற்றுக்கு முப்பத்தேழு பேருக்கு உடல் பருமன். அதாவது, உயரத்துக்குத் தாங்காத எடை. இப்போது நூற்றுக்கு இருபத்தெட்டு. இந்த ஊரில் வேறு எங்கேயும் இப்படி இறங்கியதில்லை என்றார். முப்பதுக்குக் கீழே வந்துவிட்டதால், செவ்வாயும் வெள்ளியும் குடியிருப்புக்கு வரும் எடைக் கிளினிக்கை அடுத்த மாதத்திலிருந்து வேறு பகுதிக்கு மாற்றிவிடலாம் என்றும் சொன்னார். மூத்த பணியாளர் என்ற முறையில் அவள் கீழே ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

எடையக்கா பேனாவை எடுத்தாள். எடுத்தவள், வழக்கப்படி தாளின் அடிவரை படித்தாள்.

குடியிருப்பில் இரண்டே தெருக்கள். முன்தெரு அவளுடையது, பின்தெரு பாப்பாவுடையது. முன்தெருவில் முன்பு முப்பத்தாறு, இப்போதும் முப்பத்தாறு. பின்தெருவில் முன்பு முப்பத்தெட்டு, இப்போது இருபது.

பேனா விரலிடுக்கில் நின்றுவிட்டது.

இரண்டு தெருவுக்கும் ஒரே பேக்கரி. ஒரே பஸ் நிறுத்தம். பஸ் வரும்வரை உட்காரும் சிமெண்ட் பெஞ்சும் ஒன்றுதான். நடுவில் ஒரு குப்பைத்தொட்டியும் பத்தடி சந்தும். அந்தச் சந்தைத் தாண்டினால் மட்டும் ஆட்கள் எப்படிப் பாதிக்குப் பாதி இளைப்பார்கள்?

“என்ன யோசனை? உங்க நாத்தனாருக்குக் கைராசின்னு வெச்சுக்கோங்க” என்றார் மேற்பார்வையாளர்.

ஒருமுறை படிவங்களைப் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்று அவள் சொன்னாள். அவர் முகத்தில் இருந்த உற்சாகம் கொஞ்சம் வடிந்தது. நாளைக் காலை பத்து மணிக்கு அறிக்கை மேலே போக வேண்டும், அதற்குமேல் ஒரு நிமிஷம் தாங்காது என்றார். அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, பின்தெருக் கட்டைப் பிரித்து, தனக்கு நன்றாகத் தெரிந்த மூன்று பேரின் படிவங்களை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டாள். பாப்பாவின் கையெழுத்து அச்சடித்தாற்போல் இருந்தது. ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை.

அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது. நின்றுகொண்டே, சுவரில் வைத்து, ஒரு கையில் குடையோடு எழுதும் படிவம் இவ்வளவு சுத்தமாகவா இருக்கும்? இந்த இரண்டு மாதத்தில் பாப்பா எத்தனை மத்தியானம் தலைவலி என்று சீக்கிரம் வீட்டுக்கு வந்தாள் என்று மனசு தானாகவே எண்ண ஆரம்பித்தது. ஆறு தெரிந்தது. ஆறுதானா, தான் பார்க்காதது எத்தனையோ என்று அதற்குமேலும் ஓடியது.

பின்தெருவின் முனையில் தையல்காரியின் கடை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பஸ் டிப்போ என்று சீருடை போடுகிற பாதிப் பேருக்கு அவள்தான் தைக்கிறாள். எடையக்காவுக்குப் பழைய சிநேகிதி. மெஷினை மிதித்தபடியே பேசுவாள், வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி.

எடையக்கா விஷயத்தைச் சொல்லவில்லை. சும்மா கேட்பதுபோல், இப்போதெல்லாம் இடுப்பு குறைத்துத் தைக்கச் சொல்லி நிறையப் பேர் வருகிறார்களா என்று கேட்டாள்.

தையல்காரி குண்டூசிகளை எடுத்து வைத்துவிட்டுச் சிரித்தாள். “குறைக்கவா? நான் பிரிச்சு விட்டே விரல் தேஞ்சு போச்சு. உள்ளே துணி விட்டுத் தைக்கலைன்னா என்னைத் திட்டுறாங்க.”

அளவு நோட்டை எடுத்துக் காட்டினாள். பின்தெருவில் ஒரு டீச்சர். போன வருஷம் இடுப்பு முப்பத்தெட்டு அங்குலம், இந்த வருஷம் முப்பத்தொன்பதரை. எடையக்கா போனைத் திறந்து பார்த்தாள். அதே டீச்சர், பாப்பாவின் படிவத்தில் முன்பைவிட ஐந்து கிலோ குறைந்திருந்தாள்.

ஐந்து கிலோ இளைத்தவளுக்கு இடுப்பு ஒன்றரை அங்குலம் கூடியது எப்படி என்று யாரைக் கேட்பது? பாப்பா வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். பழைய எண்ணைப் பார்த்து, ஆளுக்குக் கொஞ்சம் குறைத்து, நல்ல பேர் வாங்க எழுதியிருக்கிறாள். என் பொறுப்பு என்று சொன்ன நாக்கை எடையக்கா கடித்துக்கொண்டாள்.

ஆனாலும் இன்னொருவரையாவது பார்த்துவிட வேண்டும் என்று, இரண்டு கடை தள்ளி இருந்த சலவைக் கடைக்குப் போனாள். கடைக்காரர் பெரிய உடம்புக்காரர். இரண்டு வருஷம் முன்பு தொண்ணூற்று மூன்று கிலோ, சர்க்கரையும் உண்டு. கிளினிக்கில் முதல் ஆளாக வந்து நிற்பவர். பாப்பாவின் படிவத்தில் எண்பத்தாறு என்று இருந்தது.

அந்தப் பெண் எடை பார்க்க வந்தாளா என்று கேட்டதற்கு, வராமல் என்ன என்றார். மழையில் நனைந்து வந்து, துண்டு கேட்டுத் துடைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றச் சொல்லி, பாக்கெட்டில் இருந்த சாவிக்கொத்தைக்கூட வெளியே எடுக்கச் சொல்லித்தான் ஏற்றினாளாம்.

“எண்பத்தாறுன்னு காட்டுச்சு. என் கண்ணால பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. அதான் இப்ப கிளினிக் பக்கம் போறதில்ல. காலையில நடக்கிறதையும் விட்டுட்டேன். குறைஞ்சுபோச்சே, இனி எதுக்கு?”

எடையக்கா தோளிலிருந்து மெஷினை இறக்கித் தரையில் வைத்தாள். இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்றாள். அவர் சிரித்துக்கொண்டே ஏறினார். எண் ஓடி நின்றது. தொண்ணூற்று மூன்று.

அவர் குனிந்து பார்த்தார். வயிறு மறைத்ததால் ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தார். உங்கள் மெஷினில்தான் ஏதோ கோளாறு என்று அவர் சொன்ன குரலில் நம்பிக்கை இல்லை. எடையக்கா மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை கண்டிப்பாகக் கிளினிக்குக்கு வாருங்கள், காலையில் நடப்பதையும் விடாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷினை மாட்டிக்கொண்டாள். அடுத்த மாதம் அந்தக் கிளினிக்கே இருக்காது என்பது நினைவுக்கு வந்தபோது அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலரை. மூன்றாவது மாடி. பாப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் முதல் வேலைக்கென்று வாங்கிய கைப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணியைப் பார்த்ததும் எழுந்து, டீ போடட்டுமா என்றாள்.

எடையக்கா வேண்டாம் என்றாள். வழியெல்லாம் எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டு வந்தவள், கடைசியில் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள்.

“பாப்பா, நீ எழுதினது மெஷின்ல பார்த்ததா, இல்ல உனக்குத் தோணினதா?”

பாப்பாவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளிறியது. கணவன் வீட்டில் எத்தனையோ பேச்சுக் கேட்டு, அங்கே பதிலே சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அவள். இங்கேயும் பதில் சொல்லவில்லை. உள்ளே போனாள். பெட்டியைத்தான் எடுக்கப் போகிறாளோ என்று எடையக்காவுக்குப் பகீரென்றது.

வெளியே வந்தபோது பாப்பாவின் கையில் இருந்தது அவள் வேலைக்குக் கொண்டுபோன எடை மெஷின். அதை அண்ணியின் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள்.

“ஏறுங்க அண்ணி.”

எடையக்கா தன் மெஷினில் ஏறினாள். அறுபத்துநான்கு. நாலு வருஷமாக அவளுக்கு அதுதான் எடை. இறங்கிப் பக்கத்து மெஷினில் ஏறினாள். ஐம்பத்தொன்பது.

இறங்கி மறுபடி ஏறினாள். ஐம்பத்தொன்பதேதான்.

“அது காட்டினதைத்தான் எழுதினேன்” என்றாள் பாப்பா. “ராத்திரி உட்கார்ந்து நல்ல தாளில் திரும்ப எழுதுவேன், நனைஞ்சதையெல்லாம். நீங்க குறை சொல்லக்கூடாதுன்னு.”

எடையக்கா சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். மன்னிச்சுக்கோ என்று சொன்னது அவள் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. பாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், ஆனால் கொஞ்சம் தள்ளியே. இருவருமாகத் தரையில் இருந்த இரண்டு மெஷின்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாப்பாவின் மெஷின் முதலில் இந்த வீட்டில் இருந்ததுதான். அலுவலகத்தில் பழசு என்று எடையக்காவிடம் விட்டுவைத்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் தன் கணவனை அதில் ஏற்றுவாள். பாப்பா வேலைக்குச் சேர்ந்தபோது மெஷின் பற்றாமல் போகவே, இதையே அவளுக்குக் கொடுத்தார்கள்.

சொல்லி வைத்தாற்போல் அந்த நேரத்தில் அவள் கணவன் வேலை முடிந்து வந்தான். லிஃப்ட் மெக்கானிக். கதவைத் திறந்து உள்ளே நுழைவதற்குள் மூச்சு வாங்குகிற உடம்பு. ஊரில் இருக்கும் லிஃப்டையெல்லாம் சரிபண்ணுகிறவனுக்குத் தான் குடியிருக்கும் கட்டிடத்தில் லிஃப்ட் இல்லை என்று தினமும் ஒருமுறை அலுத்துக்கொள்வான். அன்றைக்கும் அதைச் சொல்ல வாயெடுத்தவன், தரையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு மெஷின்களைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

அந்த மௌனம் எடையக்காவுக்குப் போதுமானதாக இருந்தது. பதினாறு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது தெரியாதா?

“என்ன பண்ணீங்க இதை?”

முதலில் ஒன்றுமில்லை என்றான். பிறகு செருப்பைக் கழற்றுவதில் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். பிறகு, தங்கையின் கண்களைப் பார்க்காமல், சொல்ல ஆரம்பித்தான்.

நாலு மாதம் முன்பு அவன் எடை நூற்றுநான்கு. ஒவ்வொரு ஞாயிறும் அந்த எண்ணைப் பார்த்ததும் மனைவியின் முகம் போகிற போக்கு அவனுக்குத் தாங்கவில்லை. டீயில் சர்க்கரை போச்சு, சாயங்காலப் பலகாரம் போச்சு. அப்போதுதான் தொழில் புத்தி வேலை செய்தது. பேட்டரி மூடிக்குக் கீழே ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதை அழுத்திப் பிடித்தால், சரியாக ஐம்பது கிலோவை என்மேல் வை என்று மெஷின் கேட்கும். வைக்கிற எடையை ஐம்பது என்று நம்பிக்கொள்ளும். லிஃப்டைச் சோதிக்கிற இரும்புக் கட்டிகள் அவனிடம்தான் இருக்கின்றனவே. ஐம்பத்திரண்டு கிலோவை வைத்துவிட்டான். அதற்குப்பின் அவன் ஏறினால் மெஷின் நூறு காட்டியது. எடையக்கா முதுகில் தட்டிக்கொடுத்தாள். அந்த வாரம் டீயில் சர்க்கரை திரும்பி வந்தது.

“பாப்பா கைக்கு இது போகும்னு நான் கனவுலகூட நினைக்கல” என்றான். “போனப்ப சொல்லத்தான் நினைச்சேன். ஆபீஸ்ல செக் பண்ணித்தான் தருவாங்கன்னு நீ சொன்னியா, சரி, அவங்களே திருத்திடுவாங்கன்னு விட்டுட்டேன்.”

பாப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். அறுநூறு பேரை ஏற்றி இறக்கியவள் அவள். அண்ணன் டீயில் போட்ட சர்க்கரைக்காக ஒரு தெருவே இளைத்துப்போனதாக ஊரை நம்பவைத்திருக்கிறாள்.

எடையக்காவுக்குக் கோபத்தைவிட அசதிதான் அதிகமாக வந்தது. சலவைக் கடைக்காரர் குனிந்து எண்ணைப் பார்த்த விதத்தை அவனிடம் சொன்னாள். அவன் தலை இன்னும் கீழே போனது. நாளைக்கு நானே உங்கள் ஆபீசுக்கு வந்து எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றான்.

“முதல்ல ஏறுங்க” என்றாள்.

அவன் நல்ல மெஷினில் ஏறினான். நூற்றுநான்கு. ஒரு கிராம்கூடக் குறையவில்லை. பெருமூச்சு விட்டபடி பக்கத்து மெஷினில் காலை வைத்தான்.

தொண்ணூற்றாறு.

அவன் நெற்றி சுருங்கியது. இறங்கினான். மெஷினைக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடியும் ஏறினான்.

“இது நான் பண்ணினது இல்ல” என்றான். இப்போது அவன் குரலில் குற்றவாளி போய் மெக்கானிக் வந்திருந்தான். “நான் வெச்சது ஐம்பத்திரண்டு. அதுக்கு எனக்கு நூறுதான் காட்டணும். தொண்ணூத்தாறு காட்டணும்னா யாரோ ஐம்பத்துநாலு வெச்சிருக்கணும். தானா இப்படி ஆகாது. எனக்கப்புறம் யாரோ தொறந்திருக்காங்க.”

எடையக்கா பாப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்த அடுத்த கணமே, ஏன் பார்த்தோம் என்று வெட்கப்பட்டாள். ஆனால் பாப்பா அதைக் கவனித்துவிட்டாள்.

“என்னை ஏன் பார்க்கிறீங்க அண்ணி? நீங்க கொடுத்த அன்னிக்கே சார் வாங்கிக்கிட்டார். சோதிச்சுத் தரேன்னு ரெண்டு நாள் அவர் ரூம்லதான் இருந்துச்சு.”

எடையக்கா மனசுக்குள் காலையில் பார்த்த தாளை மறுபடி விரித்தாள். நூற்றுக்கு முப்பதுக்குக் கீழே வந்தால்தான் கிளினிக் நகரும். அவன் செய்த இரண்டு கிலோ குறும்பு மட்டும் இருந்திருந்தால் எண் அவ்வளவு தூரம் இறங்கியிருக்குமா? இறங்க வேண்டும் என்று யாருக்கு அவசரம்?

போன் அடித்தது. மேற்பார்வையாளர்.

குரலில் தேன் வழிந்தது. கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய மெஷின்களையெல்லாம் திரும்பப் பெறுகிறோம், நாத்தனாரிடம் இருப்பதை உடனே கொடுத்துவிட்டால் நல்லது என்றார்.

“என்னோடதும் பழசுதான் சார். ரெண்டையும் காலையில கொண்டு வரேன்.”

“உங்களோடது இருக்கட்டும். அது ஒண்ணு மட்டும் போதும்.”

பாப்பா வெளியே போயிருக்கிறாள், மெஷினை எங்கே வைத்திருக்கிறாளோ தெரியவில்லை, வந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்றாள் எடையக்கா. எதிரில் நின்ற பாப்பா மூச்சுக்கூட விடவில்லை.

போனை வைத்ததும் அவன் எழுந்தான். இது இந்த வீட்டில் இருக்கக்கூடாது என்றான். நாளைக்கு, மேற்பார்வையாளருக்கும் மேலே இருக்கும் பெரிய டாக்டரம்மாவிடம் நேராகக் கொண்டுபோய்க் காட்டும்வரை பத்திரமாக இருக்க வேண்டும். குடியிருப்புக்கு வெளியே, இரண்டு தெரு தள்ளிப் பதினாலு மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் மெஷின் அறை இருக்கிறது, சாவி அவனிடம் மட்டும்தான். பெரிய துணிப்பையில் மெஷினைப் போட்டுக்கொண்டு, மேலே ஒரு துண்டை மூடினான். போகும்போது மனைவியின் தோளைத் தொட்டான். அவள் தட்டிவிடவில்லை.

அவன் படியிறங்கும் சத்தம் தேய்ந்தது. எடையக்கா ஜன்னலருகே போய்ப் பாப்பாவின் பக்கத்தில் நின்றாள். இந்தத் தடவை பாப்பாதான் நெருங்கி நின்றாள். நாளைக் காலை ஆறு மணிக்கே பின்தெருவுக்குப் போய்ப் பத்து வீட்டிலாவது மறுபடி எடை பார்த்துவிடலாம், நல்ல மெஷினோடு, இரண்டு பேருமாக என்று எடையக்கா சொன்னாள். பாப்பா சரி என்றாள்.

கீழே வாசல் விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. அதன் அடியில் ஒரு ஸ்கூட்டர். அதன்மேல் சாய்ந்துகொண்டு, கையில் போனோடு ஒருவர் நின்றிருந்தார். தலையின் வழுக்கையைப் பார்த்ததுமே இருவருக்கும் தெரிந்துவிட்டது. மேற்பார்வையாளர் இங்கிருந்துதான் பேசியிருக்கிறார்.

எடையக்கா பதறிப்போய்க் கணவனுக்குப் போன் போட்டாள். சோபாவிலேயே மணி அடித்தது. எடுத்துக்கொண்டு போகவில்லை.

அவன் பையோடு வாசலுக்கு வந்தான். மேற்பார்வையாளரைப் பார்த்து நின்றான். ஓடவில்லை, திரும்பவும் இல்லை. அவர் இவனிடம் வந்து தோளில் கைபோட்டார். இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். அவர் சிரித்தார். இவனும் தலையாட்டினான். வெகுநாள் பழகியவர்களைப் போல இருந்தது அந்த நிற்பு.

அவர்கள் இருவரும் இதுவரை ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை என்றுதான் எடையக்கா நினைத்துக்கொண்டிருந்தாள்.